என் தாயாரின் ஞாயிற்றுக்கிழமைகள்



என் தாயார் மறைந்து இந்த ஷஃபான் மாதத்துடன் இரண்டு ஆண்டுகள் நிறைவடைகின்றன. அவர் முஸ்லிம் அல்லர். எண்பத்தோரு ஆண்டுகள் கிறிஸ்தவராக வாழ்ந்து, கிறிஸ்தவராகவே இவ்வுலகை விட்டுச் சென்றார். அவற்றுள் இறுதிப் பதினோரு ஆண்டுகளை மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் கழித்தார். ஐவேளைத் தொழுகை நடக்கும் வீட்டில், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் செல்லும் ஒரு மூதாட்டி எவ்வாறு இருந்தார் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். சிலர் வியப்புடன் கேட்டனர்; சிலர் குற்றம் காணும் நோக்கில் கேட்டனர். இருவருக்கும் நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். என் கணவரைத் தவிர வேறு எவரிடமும் சொல்லாத ஒரு செய்தியும் இதில் உண்டு.

மேலப்பாளையத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சில கிலோமீட்டர்தான். எங்கள் பக்கம் பீடி சுற்றும் திண்ணைகளும் பள்ளிவாசல் மினாராக்களும். அந்தப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடங்களும் ஊசிக்கோபுரமும். ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைப்பது பரிசுத்த திரித்துவப் பேராலயத்தை. 1826ஆம் ஆண்டு ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுப்பப்பட்டது. என் தாயாரின் ஞானஸ்நானமும் திருமணமும் அங்குதான் நடந்தன. மிஷன் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். என் தந்தையார் நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோதே காலமாகிவிட்டார். நான் ஒரே பிள்ளை.

அந்த ஒரே பிள்ளைதான் இருபத்து மூன்றாம் வயதில் கலிமா சொன்னது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்; இங்கே வேண்டாம். என் தாயார் என்னை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் என்னுடன் பேசவில்லை, அவ்வளவுதான். எனக்குத் திருமணமாகி, தலைப்பிள்ளை பிறந்த எட்டாம் நாள், கையில் ஒரு தூக்குச்சட்டியுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே பிள்ளைபெற்ற காயம், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டியது. "ஆசுபத்திரியில குடுக்குற மாத்திரையை நம்பிக்கிட்டு இருக்காத. இதை ஒரு மண்டலம் சாப்பிடு" என்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் என் தாயார் என்னிடம் பேசிய முதற்சொற்கள் இவையே.

பிற்காலத்தில் ஒருமுறை, மனம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் சற்றுத் துடுக்காகவே கேட்டேன். பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஒன்று உண்டு. கணவரை இழந்த ஒரு பிராமணப் பெண் 1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, குளோரிந்தா என்று பெயர் ஏற்று, 1785இல் கட்டிய ஆலயம் அது. அவருடைய கதையை என் தாயார் என் சிறுவயதில் எத்தனையோ முறை பெருமையுடன் சொல்லியிருக்கிறார். "அவர் தம் மார்க்கத்தை விட்டு வந்தது உங்களுக்குச் சாட்சி, நான் வந்தது மட்டும் குற்றமா?" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவளுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா ஏட்டி. அவளைப் பத்தி யாரும் எழுதி வைக்கல." அதன்பின் அந்த வாதத்தை நான் எடுத்ததில்லை.

எழுபதாம் வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. தனியாக இருக்க இயலாது என்ற நிலை வந்தது. என் கணவர் என்னைக் கேட்கவில்லை. தாமே சென்று அவருடைய பெட்டியை எடுத்து வந்தார். வாசலில் நின்றபடி என் தாயார் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை எனக்குக் கோயிலுக்குப் போகணும். அதுக்கு ஒரு தடையும் சொல்லப்படாது." என் கணவர் தலையசைத்தார்.

தலையசைத்துவிட்டாரே தவிர, அவர் மனத்தில் ஒரு கலக்கம் இருந்தது. அவர் தகப்பனார் வழியில் மார்க்கக் கல்வி உள்ள குடும்பம். மறுநாள் தமக்குப் பழக்கமான ஓர் ஆலிமிடம் சென்று கேட்டார். அந்தப் பெரியவர் அதட்டவில்லை. முதலில் அஸ்மா (ரலி) அவர்களின் செய்தியை நினைவூட்டினார். இணைவைப்பவராக இருந்த அவர்களுடைய தாயார் மதீனாவுக்கு மகளைத் தேடி வந்தபோது, தாயுடன் உறவு பேணலாமா என்று அஸ்மா (ரலி) கேட்க, பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள், புகாரியில் உள்ளது. லுக்மான் அத்தியாயமும் இதைத்தான் சொல்கிறது: இணைவைக்குமாறு பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படியக் கூடாது, ஆனால் உலக வாழ்வில் அவர்களுடன் நல்ல முறையில் தோழமை கொள்ள வேண்டும். ஆலிம் இவ்வளவும் சொல்லிவிட்டு, ஹனஃபி சட்ட நூல்களில் உள்ள ஒரு நுட்பத்தையும் எடுத்துரைத்தார். முஸ்லிமல்லாத தாயோ தந்தையோ ஒருவருக்கு இருந்தால், அவர்களைத் தம் கைப்பிடித்து ஆலயத்துக்கு அழைத்துச் செல்லலாகாது; ஆனால் ஆலயத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வரலாம். முன்னது வணக்கத்துக்குத் துணைபோவது. பின்னது பெற்றோருக்குச் செய்யும் சேவை.

என் கணவர் இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. போவதற்கு இல்லை, வருவதற்கு உண்டு. ஆனால் எங்களுக்கு அது ஒரு வழியைத் திறந்துவிட்டது என்பதே உண்மை. தேவாலயத்துக்குப் போகும் ஓர் ஆட்டோக்காரர், அவரும் கிறிஸ்தவரே, ஞாயிறு காலை வந்து என் தாயாரை ஏற்றிச் செல்வார். அதற்கான கூலியை என் தாயார் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிடுவார். ஆராதனை முடியும் நேரத்துக்கு என் கணவர் சென்று வெளிக்கேட்டின் அருகே நின்று அவரை அழைத்து வருவார். பிற்காலத்தில் அந்தப் பொறுப்பு என் மகனுக்கு வந்தது. தொப்பியும் தாடியுமாக ஒரு இளைஞன் ஸ்கூட்டரில் காத்திருப்பதைப் பார்த்து, ஆராதனை முடிந்து வருவோர் முதலில் தயங்கினர். சில வாரங்களில் "டீச்சர் பேரன் வந்தாச்சு" என்று உள்ளே சொல்லியனுப்பும் அளவுக்குப் பழகிவிட்டனர்.

இந்த ஏற்பாட்டை என் தாயாரிடம் நாங்கள் விளக்கவே இல்லை. விளக்கவேண்டியிருக்கவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவருடைய ஞாயிறு, சனி மாலையிலேயே தொடங்கிவிடும். வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டு நாற்காலியின் முதுகில் தொங்கவிடுவார். ஜிப் வைத்த உறையில் வேதப்புத்தகம், பாமாலை, மூக்குக்கண்ணாடி. காணிக்கைப் பணத்தை நான்காக மடித்துக் கைக்குட்டையின் நுனியில் முடிந்துகொள்வார். ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே ஆலயத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. போகும்வரை யாருடனும் வீண்பேச்சு இல்லை. திரும்பி வந்த பின்புதான் காப்பி. ஜும்ஆவுக்கு குத்பா பாதி முடிந்த பின் உள்ளே நுழையும் நம் வீட்டு ஆண்பிள்ளைகளை எண்ணி நான் வெட்கியதுண்டு.

எங்கள் வீட்டில் ஃபஜ்ருக்குப் பிள்ளைகளை எழுப்பியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். அதிகாலை நான்கரை மணிக்கே எழுந்து தம் அறையில் ஜெபம் செய்வது அவருடைய ஐம்பதாண்டு வழக்கம். பாங்கு கேட்டதும் வெளியே வந்து, "ஏலே, பாங்கு சொல்லியாச்சு. எந்திரி. தொழுகையை விட்டுட்டு என்ன தூக்கம்?" என்று என் மகனின் போர்வையை இழுப்பார். நான் எழுப்பினால் புரண்டு படுப்பவன், ஆச்சி எழுப்பினால் எழுந்துவிடுவான். ஒருமுறை அவன் குறும்பாக, "ஆச்சி, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நீங்கதான் தொழ மாட்டீங்களே" என்று கேட்டான். "ஆண்டவன்கிட்ட சொன்ன நேரத்துக்குப் போகணும்ல. யார் வீட்டுப் பிள்ளையா இருந்தா என்ன" என்றார். இன்று அவன் துபாயில் இருக்கிறான். ஃபஜ்ரைத் தவறவிடுவதில்லை என்கிறான். அதன் நன்மையில் அவருக்குப் பங்குண்டா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

என் மாமியார் அப்போது உயிருடன் இருந்தார்கள். இரு மூதாட்டிகளும் ஒரே கூரையின்கீழ் ஒத்துப்போவார்களா என்ற அச்சம் எனக்கு நிறையவே இருந்தது. இருவரையும் இணைத்தது அரிசி. மாமி சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த மண்பானையில் போடுவார்கள்; மதரஸாவுக்கான பிடியரிசி. முன்பு ஊர்தோறும் மதரஸா மாணவர்களின் சோறு இப்படித்தான் சேர்ந்தது என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். என் தாயார் வந்த மறுநாளே இதைக் கவனித்துவிட்டார். "மயினி, எங்க கோயில்லயும் கைப்பிடி அரிசி உண்டு. நானும் ஒரு டின் வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டார். மாமி சற்று யோசித்தார்கள். "உங்க பென்சன் காசுல வாங்குற அரிசின்னா வச்சுக்கிடுங்க டீச்சரம்மா. எங்க வீட்டு அரிசியை அங்க குடுக்க நான் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்கள். என் தாயார் கோபிக்கவில்லை. மாதந்தோறும் தம் பணத்தில் அரிசி வாங்கித் தனிச் சாக்கில் வைத்துக்கொண்டார். பானையும் பிஸ்கட் டின்னும் ஒரே மூலையில் பல ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாமி மவுத்தான பின் அந்த மண்பானையில் அரிசி போடுவதை என் தாயார்தான் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

ரமலானில் அவர் நோன்பு வைப்பதில்லை. எனினும் பிள்ளைகளின் எதிரில் தண்ணீர்கூட அருந்தமாட்டார். பள்ளிவாசல் நோன்புக்கஞ்சி என்றால் அவருக்கு உயிர். டிசம்பர் மாதம் முந்திரிக்கொத்தும் அதிரசமும் செய்வார், அதையும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாகவே செய்து, "இது சும்மா பலகாரம்தான், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டே கொடுப்பார். அவர் எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது எனக்கு அப்போது முழுமையாகப் புரியவில்லை.

மார்க்கம் குறித்துப் பேசினோமா? பேசினோம். சூரா மர்யமின் தமிழாக்கத்தை ஒருநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பேரீச்சை மரத்தடியில் மர்யம் (அலை) அவர்கள் தனியே பிரசவ வேதனை அனுபவிக்கும் இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரூத்துக்கும் எஸ்தருக்கும் எங்க வேதத்தில் தனிப் புத்தகம் இருக்கு. மரியாளுக்கு இல்லை. உங்கள்ல இருக்கு, என்ன" என்றார். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தாம் என்றேன். மிகுந்த மகிழ்ச்சி அவருக்கு. என் உள்ளத்தில் பெரும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கு. எனக்கு என் கர்த்தர் போதும்மா" என்று முடித்துவிட்டார். முப்பது ஆண்டுகள் தஹஜ்ஜுதில் நான் கேட்ட துஆவுக்கு அவர் நாவிலிருந்து வந்த விடை அதுவே. நாம் நேசிப்பவரை நாமே நேர்வழியில் செலுத்திவிட முடியாது என்று சூரா அல்கஸஸில் அல்லாஹ் தன் தூதருக்கே அறிவித்திருக்கும்போது, நான் எம்மாத்திரம்?

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த செய்திக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு தை மாதத்தின் ஒரு ஞாயிறு. மகன் அப்போது துபாய் சென்றுவிட்டான். மகள் புகுந்த வீட்டில். என் தாயார் வழக்கம்போல் வெள்ளைச் சேலை உடுத்தி, வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். ஆட்டோ வரவில்லை. கைப்பேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. வேறு ஆட்டோவுக்கு அழைத்தால் போயிருக்கலாம், ஆனால் அவருக்கு இடுப்பில் வலி வந்த பிறகு, அந்த ஓட்டுநரைப் போல் கைகொடுத்து ஏற்றி, ஆலயப் படியில் இறக்கி, உள்ளே அமரவைத்துவிட்டு வருபவர் வேறு எவரும் இல்லை. யாரேனும் உடன் செல்ல வேண்டும். கணவர் வீட்டில்தான் இருந்தார். நானும் இருந்தேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகள் நாங்கள் காத்துவந்த ஒரு கோடு அது. முதல்நாள்தான் தெருவில் ஒரு பெண்மணி, "உங்க வீட்டுல சிலுவைக்காரங்களுக்கு வண்டி விடுறீங்களாமே" என்று என்னிடம் கேட்டிருந்தார். அந்தச் சொல்லும் என் காதில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மார்க்கப் பேணுதல் எவ்வளவு, மனிதர்களின் பேச்சுக்கு அஞ்சியது எவ்வளவு என்று இன்றும் என்னால் பிரித்து அளக்க இயலவில்லை.

என் தாயார் எங்கள் இருவரையும் பார்த்தார். ஆசிரியை அல்லவா, வகுப்பில் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை எத்தனை பார்த்திருப்பார்! மெல்ல எழுந்தார். "இன்னைக்குக் குளிரா இருக்கு. நான் வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கிடுதேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டார். குளிர் ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் அவர் அறையிலிருந்து, நடுங்கிய குரலில் கீர்த்தனை கேட்டது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிற்பகலில் அந்தச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். எதற்காக நாங்கள் அழைத்து மட்டும் வருகிறோம் என்பதை அவர் முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலப்பக்கம் செயலிழந்தது. அதன்பின் அவர் ஆலயத்துக்குச் சென்றது பிணப்பெட்டியில்தான்.

இதை நான் ஃபத்வா கேட்பதற்காகவோ, ஃபத்வா சொல்வதற்காகவோ எழுதவில்லை. பின்னர் ஆலிம்கள் மூவரிடம் கேட்டேன். ஒருவர் நான் செய்தது சரி என்றார். ஒருவர், நடக்க இயலாத தாய்க்குக் கைகொடுப்பது வேறு, வணக்கத்துக்குத் துணைபோவது வேறு என்றார். மூன்றாமவர் வயதில் மிக மூத்தவர். நான் சொல்லி முடித்ததும், "உங்கள் தாயார் உங்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றிவிட்டார்கள் அம்மா" என்று மட்டும் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, வேறு எவ்வாறோ, அறியேன்.

ஆறு வாரங்கள் படுக்கையில் இருந்தார். ஐயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுக்க அனுமதி கேட்டார். என் கணவர் என்னைப் பார்க்காமலேயே "வாருங்கள்" என்றார். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே தம் முறைப்படி தொழுததாக சீரா நூல்களில் வரும் செய்தியை அவர் பின்பு எனக்கு நினைவூட்டினார். ஐயரும் பண்புள்ள மனிதர். உள்ளே நுழையும் முன், "இது மது அல்ல, திராட்சைப் பழச்சாறுதான்" என்று தாமாகவே சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

ஓர் இரவு, யாரும் இல்லாதபோது, அவர் காதருகே குனிந்து கலிமாவைச் சொன்னேன். அதன் பொருளையும் சொன்னேன். அபூதாலிபின் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு மன்றாடினார்கள் என்று படித்திருக்கிறேன். அன்றுதான் அதை உணர்ந்தேன். அவருக்கு இடக்கை மட்டும் அசையும். அந்தக் கையைத் தூக்கி என் தலையில் வைத்துத் தடவினார். இதைக் கேட்ட உறவுப்பெண் ஒருவர், "அது சம்மதம்தான், அவங்க ஏத்துக்கிட்டாங்க" என்று அழுதார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். என் தாயார் என் தலையைத் தடவுவது எப்போதும் உள்ளதுதான். அதற்குமேல் அதற்குப் பொருள் கற்பித்து, அவர் வாயில்லாத நேரத்தில் அவருடைய ஈமானை நான் மாற்றி எழுதலாமா?

அவர் மறைந்தது ஒரு செவ்வாய் மாலை. செய்தி கேட்டதும் முதலில் வந்தவர்கள் தெருவாசிகளே. அடுப்பு எரியாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தினர் சோறு அனுப்புவது நம் வழக்கம். மூன்று நாட்களும் அனுப்பினார்கள், சிலுவைக்காரங்க என்று கேட்ட அந்தப் பெண்மணி உட்பட. சபைப் பெண்கள் நால்வர் வந்தனர். அவர்களுடன் சேர்ந்து நானும் என் தாயாரைக் குளிப்பாட்டினேன். வெள்ளைச் சேலையைப் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஞாயிறு மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது.

துபாயிலிருந்து வந்து சேர்ந்த மகன், பெட்டியைச் சுமக்கலாமா என்று பள்ளி இமாமிடம் கேட்டான். தந்தை அபூதாலிப் இறந்தபோது, சென்று அவரை அடக்கம் செய்யுமாறு அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள் என்று அபூதாவூதில் வரும் செய்தியை இமாம் எடுத்துச் சொல்லி, "ஆச்சிக்குப் பேரனின் கடமையைச் செய். ஆராதனையில் மட்டும் சேராதே" என்றார்கள். அவ்வாறே செய்தான். எங்கள் தெருவழியே பெட்டி சென்றபோது கடைத்திண்ணையில் இருந்த முதியவர்கள் எழுந்து நின்றதைச் சன்னல்வழியே பார்த்தேன். ஒரு யூதரின் சடலம் கடந்து சென்றபோது எழுந்து நின்ற நபியின் உம்மத் அல்லவா.

அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு துஆச் செய்ய என்னால் இயலாது. இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆயினும் என்னைப் போல் பெற்றோரை அப்படியே இழந்த சகோதரிகள் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நபி (ஸல்) அவர்கள் தம் தாயாரின் மண்ணறைக்குச் சென்று, தாமும் அழுது, உடனிருந்தவர்களையும் அழவைத்ததாக முஸ்லிம் நூலில் உள்ளது. அந்த ஹதீஸில் அதற்கு மேலும் உண்டு, அறிந்தவர்கள் அறிவார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு ஆண்டில் இருமுறை செல்கிறேன். நிற்கிறேன், அழுகிறேன், திரும்புகிறேன். அழுவதற்குத் தடையில்லை.

அடக்கம் முடிந்து பத்து நாட்கள் கழித்து அடுப்படியைச் சுத்தம் செய்தபோது அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். முக்கால் டின் அரிசி. படுக்கையில் விழும்வரை, ஒருவேளை தவறாமல், ஒவ்வொரு பிடியாகப் போட்டது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அது என்னுடைய அரிசி அன்று. அவர் பணத்தில் வாங்கி, அவர் ஓரிடத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. கொல்ல வந்தவர்களின் அடைக்கலப் பொருட்களையும் உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக, ஹிஜ்ரத் இரவில் அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். அமானத் என்றால் அமானத்தான். இதற்கு எவரிடமும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, கணவரின் வண்டியில் பின்னால் அமர்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை சென்றேன். கணவர் வெளிக்கேட்டில், அவர் எப்போதும் நிற்கும் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். நான் உள்ளே நடந்து ஐயர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஐயரம்மா என் புர்காவைப் பார்த்துத் திகைத்து, பிறகு டின்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். தராசில் கொட்டி நிறுத்தார். மூன்று கிலோ இருநூறு கிராம். கைப்பிடி அரிசிக் கணக்கு நோட்டில் என் தாயாரின் பெயர் எழுதியிருந்த வரியில், அந்த மாதத்துக்கு நேராகக் குறித்துக்கொண்டார். காலி டின்னைக் கழுவித் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

லுஹருக்கு முன் வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.